கரையில் அள்ளிய துடிப்பு

வாத்துகள் வேலியைத் தாண்டி வயலில் இறங்கிவிட்டன என்று பிக்குல் சொன்னதுதான் தாமதம், அவள் புருஷன் தாவொன் எழுந்து மழைக்குள் ஓடினான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு மாதம்கூட ஆகாத மனிதன் வழுக்கும் வரப்பில் அப்படி ஓடுவதைப் பார்த்து அவள் படியிலிருந்து கத்தினாள். முழங்கால் சேறு, நாலாபக்கமும் சிதறும் வாத்துகள், எதிரே இருப்பவர் முகம் தெரியாத மழை. கடைசி வாத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவன் திரும்பி வந்து படியடியில் நின்றபோது சாயங்காலம் இருட்டி, தகரக் கூரையில் மழையின் சத்தம் காதை அடைத்துக்கொண்டிருந்தது. பிக்குல் கட்டம் போட்ட துண்டை எடுத்து அவன் மார்பைத் துடைத்தாள்.

துடைத்த கை அங்கேயே நின்றுவிட்டது.

அவன் மூச்சு வாங்கவில்லை. மூச்சு கிடக்கட்டும், துண்டுக்குக் கீழே அவனுடைய இதயம் எந்த அவசரமும் இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. தூங்குகிற மனிதனின் இதயம் அது. ஒரே சீராக அடித்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய, விரலில் கவ்வும் சின்னக் கருவியை அவள் எடுத்து வந்து மாட்டினாள். நாடித் துடிப்பு சிவப்பு எழுத்தில் எழுபத்தெட்டு என்று வந்தது. காலையில் அவன் பாயில் படுத்திருந்தபோதும் அதே எழுபத்தெட்டுதான்.

"என்ன பாக்குற?" என்றான்.

"ஒண்ணுமில்ல. குளிருதோன்னு பாத்தேன்."

"குளிரல."

அவன் உடம்பு தண்ணீர்ச் சாடியின் வெளிப்புறம் போல ஜில்லென்று இருந்தது. அவள் துண்டைப் பிழிந்து கொடியில் போட்டாள். கருவி கெட்டுப்போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தன் விரலில் மாட்டிப் பார்த்தபோது அது நூற்றுப் பன்னிரண்டு காட்டியது.

எண்களோடு அவளுக்குப் பழக்கம் ஏற்பட்டது நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில். அவன் விழுந்த அன்று அவள் சந்தையில் கீரை விற்றுக்கொண்டிருந்தாள். தாவொனின் அக்கா போன்சீ போன் செய்தாள்: தம்பி குளத்து வடகரையில் விழுந்து கிடந்தான், வண்டியில் ஏற்றியாகிவிட்டது, நீ நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு. பிக்குல் போய்ச் சேர்ந்தபோது அவன் வாயில் குழாய் இருந்தது, கழுத்தில் குழாய் இருந்தது, கால்கள் முட்டிவரை திட்டுத்திட்டாகக் கறுத்திருந்தன. கட்டிலுக்கு மேலிருந்த திரையில் பச்சை நிறத்தில் ஓர் எண். நூற்று நாற்பத்தாறு.

இளம் டாக்டரம்மா அவளை உட்கார வைத்துச் சொன்னாள். "மண்ணுல இருக்கிற கிருமிம்மா. மழைக்காலத்துல சேத்துல நிக்கிறவங்களுக்கு, அதுலயும் சக்கரை இருக்கிறவங்களுக்கு, ரத்தத்துல இறங்கிடுது. ரத்த அழுத்தம் விழுந்துடுச்சு. அதைத் தூக்கிப் பிடிக்கத்தான் இந்த மருந்தெல்லாம் ஓடுது."

"அந்த நம்பரு என்ன டாக்டர்?"

"இதயத் துடிப்பு. அதுதான் எனக்கும் கவலை. இவ்வளவு வேகமா அடிச்சா ரத்தம் வந்து நிரம்பறதுக்கே அதுக்கு நேரம் கிடைக்காது. சும்மா ஓடிக்கிட்டே இருக்கும், ஒண்ணும் போய்ச் சேராது."

"குறைக்க மருந்து இல்லையா?"

"இருக்கு. குடுத்தா நல்லதுன்னு சில பேர் சொல்றாங்க, இருக்கிற அழுத்தமும் போயிடும்னு சில பேர் சொல்றாங்க. உங்களுக்குப் பொய் சொல்ல விரும்பல. நான் பாத்த வரைக்கும், தானா இறங்கி வர்றவங்க பெரும்பாலும் வீட்டுக்குப் போறாங்க. இறங்காதவங்க…" டாக்டரம்மா அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு பிக்குல் புருஷனோடு இருந்தாள் என்று சொல்வதைவிட அந்த எண்ணோடு குடித்தனம் நடத்தினாள் என்று சொல்லலாம். அது நூற்று நாற்பத்து நான்கானால் சிரித்தாள், நூற்று ஐம்பதானால் எழுந்து நின்றாள். அந்த வேகம் அவள் விரல்களுக்குள் புகுந்துவிட்டது. வராந்தாவில் பாயை விரித்துப் படுத்தாலும் தொடையில் அதே தாளத்தைத் தட்டிக்கொண்டே கிடந்தாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இருந்தது அவன் ஒருவன்தான்.

போன்சீ ஒட்டும் அரிசிச் சோற்றுக் கூடையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "குவான் அவன்கிட்ட இல்லடி. அதான் உடம்பு தவிக்குது. விழுந்த எடத்துலயே கிடக்கும். நீ போய் அள்ளிட்டு வா."

அந்தப் பக்கத்தில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. உடம்பை உடம்பாக வைத்திருக்கிற உயிர்தான் குவான். திடுக்கிட்டால் அது தெறித்து ஓடி, விழுந்த இடத்திலேயே தங்கிவிடும். வீட்டுப் பெண் ஒருத்தி மீன் அள்ளும் கைவலையோடு போய், சோறும் அவித்த முட்டையும் வைத்துக் கூப்பிட்டு, அள்ளி, விழுந்தவனுடைய சட்டையில் சுற்றி எடுத்து வர வேண்டும். விழுந்த இடம் எதுவோ அங்கேதான் அள்ள வேண்டும். வேறு இடத்தில் அள்ளக் கூடாது என்று யாரும் சொல்லித் தருவதில்லை, ஏனென்றால் வேறு இடத்தில் யாரும் அள்ளுவதில்லை.

"கரையில எந்தப் பக்கம்க்கா?"

போன்சீ சோற்றை உருட்டிக்கொண்டே சொன்னாள். "இலவ மரத்துக்குக் கீழ."

குளம் வெட்டுவதற்கு முந்தைய காலத்தில் அந்த மரத்தடி எதற்குப் பயன்பட்டது என்று ஊருக்கே தெரியும். அடிபட்டும், வெட்டுப்பட்டும், தூக்கில் தொங்கியும் செத்தவர்களை எரிக்காமல் மண்ணில் போட்டு வைத்த இடம் அது. குளம் வெட்ட வந்த இயந்திரத்தின் வாயில் எலும்பு வந்தது. பிக்குகள் வந்து ஓதினார்கள், வேலை தொடர்ந்தது, ஆனாலும் அந்த மூலையில் யாரும் மாட்டைக்கூடக் கட்டுவதில்லை. அங்கேயா இந்த மனிதன் போய் விழுந்தான் என்று பிக்குல் பதறினாள். அங்கே விழுந்தால் இப்படித்தான் ஆகும் என்றும் நம்பினாள்.

மறுநாள் மத்தியானம் வானம் மூடிக் கிடந்தது. காற்றில்லை. தவளைகள் மட்டும் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. பிக்குல் முட்டியளவு தண்ணீரில் இறங்கி, சோற்றையும் முட்டையையும் வாழையிலையில் கரைமேல் வைத்துவிட்டு, வலையை நீட்டினாள். அந்த இடத்தில் உயிரோடிருப்பவனின் பெயரை உரக்கச் சொல்ல அவளுக்குத் துணிவு வரவில்லை. கேட்கக் கூடாத காதில் விழுந்துவிடுமே. அதனால் பெயர் சொல்லாமலே கூப்பிட்டாள்.

"வாங்க. சேத்துல கிடக்காதீங்க. சோறு ஆறுது. சட்டை கொண்டு வந்திருக்கேன். நான்தான் கூப்பிடுறேன், வாங்க, வீட்டுக்குப் போவோம்."

முதல் முறை பாசி வந்தது. இரண்டாம் முறை கலங்கல் வந்தது. மூன்றாம் முறை வலையை இறக்கியபோது தவளைகள் ஒன்றாக வாயை மூடின. வலை கனத்தது. பெரிய விரால் மாட்டினால் எப்படிக் கனக்குமோ அப்படிக் கனத்தது, தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. அவள் அழுதுகொண்டே அந்த ஒன்றுமில்லாததைச் சட்டையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். வழியெல்லாம் சட்டையிலிருந்து ஈர மண்ணின் வாடை வந்தது.

ஐசியூ வாசலில் போன்சீ நின்றிருந்தாள். சடங்குப்படி கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டாள். "வந்தாச்சா?"

"வந்தாச்சு," என்றாள் பிக்குல். போன்சீ முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று பிக்குல் நினைத்தாள்.

சட்டையை அவன் நெஞ்சில் வைத்து, குவான் மறுபடி ஓடாமலிருக்க மணிக்கட்டில் வெள்ளை நூலைக் கட்டினாள். முடிச்சுப் போட்டு முடிப்பதற்குள் திரையின் சத்தம் மாறியது. நூற்று முப்பது. நூற்றுப் பத்து. தொண்ணூறு. நர்ஸ் ஓடி வந்து ஒயர்களைச் சரிபார்த்தாள். டாக்டரம்மா வந்து திரையைப் பார்த்தாள், மருந்துப் பைகளைப் பார்த்தாள், அழுத்தம் ஏறுவதைப் பார்த்தாள்.

"நாங்க எதையும் மாத்தலையே," என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். "பரவால்ல. வந்த வழி எதுவா இருந்தா என்ன, இறங்கி வந்துடுச்சு." எண் எழுபத்தெட்டில் நின்றது.

வீட்டுக்கு வந்தவன் நல்லவனாக வந்தான். அதைச் சொல்லத்தான் வேண்டும். பழைய தாவொன் வாரத்தில் பாதி நாள் எங்கே போகிறான் என்று அவளுக்குத் தெரியாது. மோட்டார் சைக்கிளை உதைத்தால் இருட்டிய பிறகுதான் திரும்புவான், வாயில் அரிசிச் சாராய நெடியோடு. இவன் சாராயத்தைத் தொடவில்லை. மோட்டார் சைக்கிள் பக்கமே போகவில்லை. அவள் எங்கே இருந்தாலும் கண்ணில் படும் தூரத்தில் இருந்தான். சந்தைப் பெண்கள் கேலி செய்தார்கள்.

"என்னடி பிக்குல், ஆஸ்பத்திரியில மாத்திக் குடுத்துட்டாங்களா? எங்களுதையும் எடுத்துட்டு வரவா?"

அவளும் சிரித்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள். குழந்தை இல்லாத வீட்டில், கல்யாணமான இத்தனை வருஷத்துக்குப் பிறகு, தனக்கென்று ஒருவன் கிடைத்திருக்கிறான் என்று நினைத்தாள். அந்தச் சந்தோஷத்தில் மற்றதையெல்லாம் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள். அவனுக்கு வியர்க்காததை. நொதித்த மீன் இல்லாமல் ஒரு வாய் இறங்காதவன் இப்போது வெறும் சோற்றை மட்டும் தின்பதை. அவளைக் குண்டு, குண்டு என்று சீண்டியவன் இப்போது எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடாததை. மல்லாந்து படுத்து, இரண்டு கணுக்கால்களையும் சேர்த்து, கைகளை நெஞ்சின்மேல் கும்பிட்டபடி வைத்து அவன் தூங்குவதை. அப்படி அவர்கள் ஊரில் ஒரே ஒருவிதமான ஆளைத்தான் கிடத்துவார்கள்.

மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா அவனை மூன்று மாடி ஏறி இறங்கச் சொன்னாள். ஏறி இறங்கினான். எழுபத்தெட்டு. மெஷினை மாற்றினார்கள். எழுபத்தெட்டு. "இவ்வளவு நல்லா தேறி வந்த ஆளை நான் பாத்ததே இல்ல," என்று டாக்டரம்மா சொன்னாள். சொன்னாளே தவிர, அவன் மணிக்கட்டைத் தொட்டிருந்த தன் விரல்களை வெள்ளைக் கோட்டில் துடைத்துக்கொண்டாள். அதைப் பிக்குல் பார்த்துவிட்டாள்.

வாத்து ஓட்டிய மாலைக்குப் பிறகுதான் அந்த அமாவாசை வந்தது. ஒன்பதாம் மாதத்து அமாவாசை. விடிவதற்கு முன் சோற்றையும் பழத்தையும் இலையில் பொட்டலம் கட்டி, கோயில் மதில் ஓரமாகவும் மரங்களின் வேரடியிலும் தரையில் வைத்துவிட்டு வருவார்கள். செத்துப்போனவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்களாம். பிக்குல் பொட்டலங்களை வைத்துவிட்டுத் திரும்பும்போது, மதிலின் கோடியில், அரச மரத்து வேருக்குப் பக்கத்தில் யாரோ குந்தியிருப்பது தெரிந்தது. இலை கிழிபடும் சத்தம். மெல்லும் சத்தம். ஒன்றை முடித்துவிட்டு அடுத்த பொட்டலத்துக்கு நகரும் சத்தம். ஊர்ப்பெண்கள் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் கேலி செய்யவில்லை.

குந்தியிருந்தது அவள் புருஷன். கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். அவன் பேசாமல் வந்தான். வீட்டுப் படியில் உட்கார வைத்துக் கேட்டாள்.

"அன்னைக்கு எங்க விழுந்தீங்க?"

"நான் எங்க விழுந்தேன்?" அவன் உண்மையாகவே யோசித்தான். "நான் விழலையே. படுத்திருந்தேன்."

"எங்க?"

"கரையில." பிறகு, நன்றியோடு சொல்வதுபோலச் சொன்னான். "ரொம்ப நாளா படுத்திருந்தேன். நீதான் வந்து கூப்பிட்ட."

போன்சீ வீட்டுப் பின்கட்டில் உரலில் பப்பாளிக்காய் இடித்துக்கொண்டிருந்தாள். பிக்குல் போய் எதிரே நின்றாள்.

"அக்கா, அவரு எங்க விழுந்தாரு?"

"அதான் அப்பவே சொன்னேனே. கரையில."

"அவரு வேற எடத்தைச் சொல்றாரு." பிக்குல் பொய்தான் சொன்னாள்.

உலக்கை நின்றது. "என்ன சொன்னான்?"

"நீங்களே சொல்லிடுங்க."

போன்சீ உலக்கையைக் கீழே வைத்தாள். கண்ணைப் பார்க்காமலே பேசினாள். "நோங்புவா கிராமத்துல ஒருத்தி இருக்கா. சுனீன்னு பேரு. நாலஞ்சு வருஷமாப் பழக்கம். ஒரு பொண்ணு பொறந்திருக்கு. அவ வயல்ல நாத்து நடத்தான் போனான். அங்கயே விழுந்துட்டான். அவதான் எனக்குப் போன் பண்ணா."

"பொண்ணு," என்றாள் பிக்குல். "வேற யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும். உனக்குத்தான் தெரியாது."

சந்தையில் பக்கத்தில் உட்கார்ந்து கேலி பேசிய ஒவ்வொருத்தியின் முகமும் பிக்குலுக்கு ஞாபகம் வந்தது. எல்லாரும் தெரிந்துகொண்டே சிரித்திருக்கிறார்கள். அவன் ஒருவன் ஏமாற்றியிருந்தால் அவனோடு சண்டை போட்டிருப்பாள். ஊரே சேர்ந்து ஏமாற்றினால் யாரோடு போய்ச் சண்டை போடுவது?

"தெரிஞ்சுமா என் கையில வலையக் குடுத்து அந்த மரத்தடிக்கு அனுப்பினீங்க?"

"வேற என்னத்தச் சொல்றது? அவன் சாகக் கிடக்கிறப்போ இதையா உடைக்கிறது? யாரும் போகாத எடமாச் சொன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கன்னு சொன்னேன். பொண்டாட்டி கூப்பிட்டா எங்க இருந்தாலும் வந்துடுவான்னு நெனச்சேன். வந்துட்டான்ல? முன்னவிட நல்லாத்தானே இருக்கான்?"

"நல்லா இருக்காருன்னா, அவரு வந்ததுலேருந்து நீங்க ஏன் எங்க வீட்டுப் படி ஏறல?"

போன்சீ உலக்கையை எடுத்தாள். இடிக்கவில்லை.

பிக்குல் அன்று மத்தியானமே நோங்புவாவுக்குப் போய்விட்டாள். ஷேர் வண்டியிலிருந்து இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. வயல் நடுவே மரக்கால்களில் நின்ற சின்ன வீடு; படியடியில் ஒரு ஜோடி பெரிய செருப்பு, ஒரு ஜோடி குட்டிச் செருப்பு. மேலே நின்ற பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், பல நாள் தூங்காத முகம்.

"வருவீங்கன்னு தெரியும்க்கா."

"என்னை அக்கான்னு கூப்பிடாத."

சுனீ தலையைக் குனிந்துகொண்டாள். "நானும் அள்ளினேன். அன்னைக்கே. அவரு விழுந்த வரப்புலயே. எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கும் வந்தேன். உள்ள சம்சாரம் மட்டும்தான் போலாம்னுட்டாங்க. வராந்தாவுல உக்காந்திருந்தேன், மடியில வெச்சுக்கிட்டு. நீங்க சட்டையை அணைச்சுக்கிட்டு என்னைத் தாண்டித்தான் போனீங்க. அப்புறம் பிழைச்சுட்டாருன்னு சொன்னாங்க. சரி, அப்போ எங்கிட்ட இருக்கிறது வெறும் துணின்னு நெனச்சேன்."

அவள் வீட்டு நடுத்தூணைக் காட்டினாள். சோறு வைக்கும் மூடிபோட்ட மூங்கில் கூடை ஒன்று அதில் தொங்கியது. மழைச் சத்தத்துக்கு நடுவில் அந்தக் கூடை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் காற்று இல்லை.

சுனீ கூடையை இறக்கி மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரு நீலச் சட்டை, சுற்றி, நூலால் கட்டி வைத்திருந்தது. பிக்குல் அந்தச் சட்டையைப் பார்த்ததே இல்லை. அவள் துவைக்காத, மடிக்காத, இந்த வீட்டில் மட்டும் போட்டுக்கொள்வதற்கென்று இருந்த சட்டை. அது நனைந்திருந்தது. அதிலிருந்து ஜுரக்காரனின் வியர்வை வாடை வந்தது. அவனுடைய வாடை. பதினெட்டு வருஷம் பக்கத்தில் படுத்த வாடை.

அவள் கை வைத்தாள்.

கொதித்தது. உள்ளே துடித்தது. பிடிபட்ட குருவியின் நெஞ்சு துடிப்பதுபோல, இடைவெளி இல்லாமல், மூச்சுவிட நேரமில்லாமல். எண்ண வேண்டிய அவசியமே இல்லை. அவளுடைய இன்னொரு கை தானாகத் தொடையில் அதே தாளத்தைத் தட்டத் தொடங்கியது. நூற்று நாற்பத்தாறு. அவன் இன்னும் அங்கேயே இருந்தான். குழாய்களும் மருந்தும் இல்லாமல், யாரும் கையைப் பிடித்துக்கொள்ளாமல், அந்த முதல் நாளின் தவிப்பிலேயே இத்தனை நாளும் ஓடிக்கொண்டிருந்தான்.

"என்னங்க," என்றாள் பிக்குல். "என்னங்க, நான்தான்."

துடிப்பு எகிறியது. தாளம் உடைந்து, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, சட்டையே நடுங்கியது. பயம் அது. மாட்டிக்கொண்டவனின் பயம்.

சுனீ சட்டென்று குனிந்து சட்டையின் மேல் வாயை வைத்தாள். "ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல. நான் இருக்கேன்ல."

அது இறங்கியது. மெல்ல, மெல்ல. பிக்குலின் உள்ளங்கைக்குக் கீழேயே இறங்கியது. எந்த மருந்துக்கும் இறங்காதது, அவள் சேற்றில் நின்று கெஞ்சியபோது இறங்காதது, இவளுடைய இரண்டு சொல்லுக்கு இறங்கியது.

பிக்குல் கையை எடுத்துக்கொண்டாள். யாரோ அறைந்ததுபோல இருந்தது. வாயால் சொன்ன பொய்யை மன்னிக்கலாம். இதயம் பொய் சொல்லாது.

"ரெண்டு பேருமா போவோம்க்கா," என்று சுனீ கெஞ்சினாள். "உடம்பு உங்ககிட்ட இருக்கு, இவரு எங்கிட்ட இருக்காரு. சேத்து வெச்சுட்டா போதும். அப்புறம் நான் உங்க கண்ணுலயே பட மாட்டேன். இவரு ரொம்பக் களைச்சுட்டாரு."

ஒரே ஒரு வார்த்தை போதும். சரி என்று சொன்னால் போதும். பிக்குல் அந்த நீலச் சட்டையைப் பார்த்தாள்.

"என் புருஷன் வீட்டுல இருக்காரு," என்றாள். "நல்லா இருக்காரு. இது யாருதுன்னு எனக்குத் தெரியாது."

மழையில் இறங்கி நடந்தாள். பின்னால் சுனீ கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஷேர் வண்டி கிளம்பும்வரை அவளுக்கு மனசு நிறைந்து இருந்தது. இத்தனை வருஷம் ஏமாற்றியவனுக்குச் சரியான கூலி என்று இருந்தது. பாதி வழியில் அந்த நிறைவு வற்றிப்போனது. குண்டு, தண்ணி குடுடி என்று ஜுரத்தில் கேட்கும் அவன் குரல் காதில் விழுந்தது. துரோகிதான். ஆனாலும் அவன்தான் அவன். நாளைக்குப் போவோம் என்று முடிவு செய்தாள். இரவெல்லாம் அழுதுவிட்டு, காலையில் போய் அந்தக் கூடையை வாங்கி வந்துவிடுவோம். நாளைக்கு.

வீட்டை அடைந்தபோது மழை விட்டிருந்தது. அந்தி வெளிச்சம் வயலின் தண்ணீரில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அவன் படியடியில் காத்திருந்தான், அவள் கால் கழுவத் தண்ணீர் மொண்டு வைத்துக்கொண்டு. வீட்டில் விளக்கு ஏற்றவில்லை. எங்கே போனாய் என்று கேட்கவில்லை. குனிந்து, ஜில்லென்ற விரல்களால் அவள் பாதத்துச் சேற்றை வழித்துவிட்டான்.

போன் அடித்தது.

"அக்கா." சுனீயின் குரலில் அழுகைகூட இல்லை. "நீங்க போனதும் அது இறங்க ஆரம்பிச்சுது. சமாதானம் ஆகுறாருன்னு நெனச்சேன். சந்தோஷப்பட்டேன்க்கா. எறங்கிக்கிட்டே போச்சு. ஒண்ணு அடிக்கும். அப்புறம் ரொம்ப நேரம் கழிச்சு இன்னொண்ணு. இப்ப இல்ல. துணி ஆறிப்போச்சு."

பிக்குல் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

கீழே, அவள் பாதத்தைப் பிடித்திருந்த கை அசையாமல் நின்றிருந்தது. அவன் தலையை நிமிர்த்தினான். எதையோ கவனமாகக் கேட்பதுபோல வைத்துக்கொண்டான்.

"போயிட்டானா," என்றான்.

எழுந்தான். இத்தனை நாளில் முதல்முறையாகச் சிரித்தான். தாவொனின் சிரிப்பு அல்ல. பற்கள் அவனுடையவை. சிரிப்பு வேறு யாருடையதோ.

அவள் கையைப் பிடித்துத் தன் மார்பில் வைத்துக்கொண்டான். அவள் இழுத்துப் பார்த்தாள். விடவில்லை.

ஒன்றுமில்லை.

தோல். ஈரம். எலும்பு. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. அவள் காத்திருந்தாள். அடிக்கும். இப்போது அடிக்கும். அடிக்கவில்லை. அவன் நின்றுகொண்டிருந்தான். கண் சிமிட்டினான். அவள் கையை மெதுவாகத் தட்டிக் கொடுத்தான்.

"அவனோட துடிப்பைத்தான் இத்தனை நாளும் வெச்சுக்கிட்டிருந்தேன்," என்றான்.

இருட்டு. வயலில் தவளைச் சத்தம் இல்லை. அந்த வீட்டில் கேட்டது ஒரே ஒரு சத்தம். அவள் காதுக்குள், தொண்டைக்குள், விலாவுக்குள். வேகமாக. இன்னும் வேகமாக.

அவன் அவளைப் படியில் உட்கார வைத்தான். தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தான். பிறகு மண்டியிட்டு, குளிர்ந்த தலையை அவள் நெஞ்சின் இடப்பக்கம் சாய்த்து, காதை அழுத்தி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, பொறுமையாகக் கேட்கத் தொடங்கினான்.